மேடையில் பரிசு, சுவரோரத்தில் இருக்கை

1940-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, அம்பாசிடர் ஓட்டலின் 'கோகனட் குரோவ்' மண்டபத்திலே, பன்னிரண்டாவது ஆஸ்கார் பரிசு விழா. படவுலகின் பெரும்புள்ளிகள் வந்து குழுமியிருந்தனர். 'கான் வித் த விண்ட்' படக்குழுவினருக்கென ஒரு மேசை. அந்தப் படத்திலே நடித்துப் பரிசுக்குரியவர் பட்டியலில் இடம் பெற்றிருந்த ஒருவர் மட்டும் அந்த மேசையில் இல்லை. மண்டபத்தின் கோடியில், சுவரையொட்டி, அவருக்கு ஒரு சிறு மேசை போடப்பட்டிருந்தது.

ஏன்? அவர் செய்த குற்றம் என்ன? கறுப்பராய்ப் பிறந்தார், அவ்வளவுதான்! அந்த ஓட்டல் கறுப்பரை விருந்தினராய் ஏற்பதில்லை. படமுதலாளி டேவிட் செல்ஸ்னிக் தனியே வேண்டிக்கொண்ட பிறகே அவரை உள்ளே விட இசைந்தனர். உள்ளே விட்டார்கள், உடன் உட்கார விடவில்லை.

சிறிது நேரத்தில் அந்தப் பெயரை மேடையிலிருந்து அழைத்தார்கள். சிறந்த துணை நடிகை, ஹாட்டி மெக்டேனியல்! அரங்கமே கையொலி எழுப்பிற்று. ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கறுப்பர் அவர்; ஏன், அப்பரிசுக்கெனப் பெயர் முன்மொழியப்பட்ட முதல் கறுப்பரும் அவரே. தம் இனத்துக்கும் தம் தொழிலுக்கும் என்றும் பெருமை தேடித்தருபவளாய் இருக்க விழைகிறேன் என்று தழுதழுத்த குரலில் நன்றி சொன்னார். பரிசை ஏந்தியவாறு தம் இருக்கைக்குத் திரும்பினார். எந்த இருக்கைக்கு? அதே சுவரோரத்து இருக்கைக்கு!

பரிசு கொடுத்த கை, பந்தியிலே இடம் கொடுக்கவில்லை. அந்த ஒரு நிகழ்ச்சிக்குள்ளே ஒரு நாட்டின் வரலாறே ஒளிந்திருக்கிறது. அதனை விரித்துப் பார்ப்பது பகுத்தறிவுடையார் கடமை.

* * *

1893-ஆம் ஆண்டில், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரிலே பிறந்தவர் ஹாட்டி. பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை ஹென்றியும் தாய் சூசனும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். சந்தையிலே மாட்டை விற்பது போல் மனிதரை விற்ற காலத்தின் எச்சம் அந்தக் குடும்பம். அடிமைத்தளை அறுக்க நடந்த உள்நாட்டுப் போரிலே, வடமாநிலப் படையின் கறுப்பர் பிரிவில் நின்று ஹென்றி போரிட்டார். போர் அவரை நோயாளியாக்கி அனுப்பியது. போர் முடிந்தபின் ஓய்வூதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக் கொண்டிருந்தார். நாட்டுக்காகக் குண்டுக்கு முன்னே நிற்கத் தகுதி பெற்றவன், நாட்டிடம் கஞ்சிக்குக் கை நீட்டியபோது தகுதியற்றவனானான்!

1865-இல் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. 1868-இல் 14-ஆவது திருத்தம் அனைவருக்கும் சட்டத்தின் சமமான காப்பைத் தந்தது. ஏட்டிலே எழுதப்பட்ட சமத்துவம் நாட்டிலே நடமாடத் தொடங்குமுன், 1896-இல் உச்சநீதிமன்றமே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது. 'பிளெஸ்ஸி' வழக்கில், தனித்தனியே வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று தீர்ப்புரைத்தது. தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க் குழாய், தனி இடுகாடு! ஹாட்டிக்கு அப்போது மூன்று வயது. அவருடைய வாழ்வு முழுவதும் அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே கழிந்தது. அது செல்லாதென 1954-இல் பள்ளிகளைப் பற்றிய வழக்கில் அதே மன்றம் கூறியபோது அவர் உயிரோடில்லை.

குடும்பம் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியிலே பாட்டும் பேச்சும் அவருக்குக் கைவந்தன. பதினேழு வயதில், மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் நடத்திய போட்டியிலே கவிதை ஒப்புவித்துப் பதக்கம் வென்றார். படிப்பை விட்டார்; மேடையைப் பற்றினார். அண்ணன் ஓட்டிஸின் நாடகக் குழு, பிறகு அக்காள் எட்டாவுடன் சேர்ந்து பெண்களே நடத்திய குழு, 1920-களில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழு, டென்வர் வானொலி, இசைத்தட்டு. பாடினார், பாட்டெழுதினார், சிரிக்க வைத்தார். முதல் கணவர் 1915-இலும் அண்ணன் 1916-இலும் மாண்டனர். துயரத்தை வீட்டிலே வைத்துப் பூட்டிவிட்டு, மேடைக்குச் சிரித்த முகத்தோடு வந்தார்.

1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. செல்வர் மாளிகை ஆடிற்று என்றால் ஏழை நடிகையின் குடிசை என்னாவது? அவர் சுற்றிக்கொண்டிருந்த நாடகக் குழு கலைந்தது. மில்வாக்கி நகருக்கு அருகே ஓர் இரவு விடுதியிலே, பெண்களின் கழிவறையில் துவாலை எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மேடையில் பாடியவர் கழிவறை வாயிலில் நின்றார். ஓரிரவு விடுதி மேடையிலே பாட வாய்ப்புக் கிடைத்தது. பாடினார், கேட்டோர் மயங்கினர், துவாலை பிடித்த கை மீண்டும் மேடைக்கு வந்தது.

* * *

1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். வானொலியில் பாடினார், கூலி போதவில்லை. எனவே வீட்டு வேலைக்குப் போனார். படங்களில் கிடைத்த வேடம் என்ன? அதுவும் வீட்டு வேலைக்காரிதான்! பகலிலே மெய்யான வேலைக்காரி. படத்திலே பொய்யான வேலைக்காரி. 1932-இல் தொடங்கிய இந்தப் பயணத்தில் பல படங்களில் அவருடைய பெயரைக்கூடத் திரையிலே காட்டவில்லை. 1934-இல் ஜான் ஃபோர்டின் 'ஜட்ஜ் பிரீஸ்ட்', 1935-இல் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1936-இல் பால் ராப்சனுடன் 'ஷோ போட்'. படத்துக்குப் படம் புகழ் வளர்ந்தது. வேடம் மட்டும் வளரவில்லை.

இது தற்செயலா? இல்லை. இதற்கு இயந்திரம் ஒன்றிருந்தது. 1930-இல் பட முதலாளிகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டு, 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதிகளிலே, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலோ மணமோ காட்டலாகாது என்று எழுதி வைத்திருந்தனர். கதாநாயகன் வெள்ளையன், கறுப்புப் பெண்ணை அவன் காதலிக்கக் கூடாது, பிறகு அவள் எப்படிக் கதாநாயகி ஆவாள்? கறுப்பர் ஏற்றத்தோடு தோன்றும் காட்சிகளைத் தென்மாநிலக் கொட்டகைகள் வெட்டி எறிந்தன. வெட்டினாலும் கதை கெடாதபடி, லீனா ஹார்ன் என்னும் கறுப்பழகியின் பாடல்களைத் தனித்துண்டுகளாகவே படம் பிடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆக, சமையலறை ஒன்றே கறுப்புப் பெண்ணுக்குத் திறந்திருந்த வாயில். அதன் வழியே நுழைந்தவரைப் பார்த்து, 'ஏன் சமையலறையில் நிற்கிறாய்?' என்று கேட்பது எளிது. தலைவாசலை அடைத்து நின்றவன் யார் என்று கேட்பதுதான் கடினம்.

* * *

1936-இல் மார்கரெட் மிச்செல் எழுதிய 'கான் வித் த விண்ட்' நாவல் வெளிவந்தது. அடிமைகளின் முதுகிலே கட்டப்பட்ட தென்மாநிலப் பண்ணை வாழ்வை ஒரு பொற்காலம்போல் தீட்டிய கதை அது. அதில் 'மாமி' என்றொரு அடிமைத் தாதி. எஜமானர் வீட்டுக்காகவே மூச்சு விடுபவள். விடுதலை வந்த பின்னரும் வீட்டை விட்டு அகலாதவள். அடிமைகள் தம் அடிமைத்தனத்தை நேசித்தார்கள் என்ற பெரும்பொய்க்கு அவள் உயிருள்ள சான்றாக நிறுத்தப்பட்டாள்.

அந்த வேடத்துக்குப் பெரும் போட்டி. குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட்டே தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்காகப் பரிந்து எழுதினார். வேடம் ஹாட்டிக்குக் கிடைத்தது. படமாகும் செய்தி கேட்டுக் கறுப்பர் ஏடுகளும், கறுப்பர் முன்னேற்றச் சங்கமும் கண்டனக் குரல் எழுப்பின. அதன் பயனாக, கறுப்பரை இழித்துரைக்கும் மிகக் கொடிய சொல் வசனத்திலிருந்து நீக்கப்பட்டது. முகமூடிக் கொலைக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் பெயரும் படத்தில் வரவில்லை. எதிர்ப்புக் குரல் வீண் போவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஹாட்டி அம்மையார் தம் பங்குக்கு என்ன செய்தார்? எழுதிக் கொடுத்த அடிமைப் பாத்திரத்துக்குள்ளே ஒரு மனுஷியைக் குடியேற்றினார். எஜமானியின் மகளை அதட்டுகிறாள் மாமி. அவளுடைய கள்ளத்தைக் கண்ணாலேயே படிக்கிறாள். வீட்டிலே அனைவரும் அறிவிழந்து நிற்கையில் அறிவோடு நிற்பவள் அவளே. குழந்தை இறந்த துயரத்தை, படிக்கட்டில் ஏறிக்கொண்டே மெலனியிடம் அவள் சொல்லி அழும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கதை பொய், அந்தக் கண்ணீர் மெய்.

1939 டிசம்பர் 15. அட்லாண்டா நகரிலே படத்தின் முதல் காட்சி. ஜார்ஜியா மாநிலத்தில் அன்று பொது விடுமுறை! தெருவெங்கும் மக்கள் வெள்ளம். ஆனால் ஹாட்டி அம்மையார் வரவில்லை. ஜார்ஜியாவின் இனப்பிரிவினைச் சட்டத்தின்கீழ், வெள்ளை நடிகரோடு அவர் ஒன்றாய் அமர முடியாது. ஒரே ஓட்டலில் தங்க முடியாது. அவருடைய உழைப்பு நுழைந்த கொட்டகைக்குள் அவர் நுழைய முடியாது! விழா மலரில் இருந்த அவருடைய படத்தைக்கூடத் தென்மாநிலத்துக்கென அச்சிட்ட படிகளில் எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய நாள் நடந்த விருந்து நடனத்திலே, கறுப்பர் கோவிற் பாடகர் குழு ஒன்று அடிமை உடை பூண்டு பாடிற்று. அந்தக் குழுவிலே பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வெள்ளைச் சீமான்களும் சீமாட்டிகளும் கண்டு களிக்க, அடிமைக் கோலத்தில் நின்று பாடிய அச்சிறுவன் யார் தெரியுமா? பின்னாளில் அடிமைத்தனத்தின் எச்சங்களையே அறைகூவி அழைத்துப் போரிட்ட மார்ட்டின் லூதர் கிங்! விருந்துக்கு வந்தவர்கள் அன்று பாட்டைக் கேட்டார்கள். வரலாற்றின் காலடி ஓசையைக் கேட்கவில்லை.

* * *

பரிசு பெற்ற பின் ஹாட்டி அம்மையாருக்கு இருபுறமும் இடி. பட முதலாளிகள் அளித்தது மறுபடியும் வேலைக்காரி வேடம். மறுபுறம், அவருடைய இனத்தாரே குற்றஞ்சாட்டினர். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்ட்டர் ஒயிட், 1942-இல் ஹாலிவுட்டுக்கே சென்று, கறுப்பரை எடுபிடிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமெனப் பட முதலாளிகளிடம் வாதாடினார். வேலைக்காரியாய் நடித்தே வயிறு வளர்த்தோர் கலங்கினர். வேலைக்காரியாக இருந்து வாரம் ஏழு டாலர் வாங்குவதைவிட, வேலைக்காரியாக நடித்து எழுநூறு வாங்குவது மேலல்லவா என்று அம்மையார் விடை கூறியதாகச் சொல்வர்.

யார் பக்கம் நியாயம்? அவசரப்பட்டுத் தீர்ப்புரைக்க வேண்டாம். வால்ட்டர் ஒயிட் சொன்னதில் உண்மை உண்டு. திரையிலே கோடிக்கணக்கானோர் காண்பது வெறும் நிழலன்று. பார்ப்போர் நெஞ்சிலே பதியும் பாடம். கறுப்பன் என்றாலே ஏவல் செய்யப் பிறந்தவன் என்று ஒரு தலைமுறையே நம்பியதற்கு அந்தப் படங்களும் காரணம். ஹாட்டி அம்மையார் சொன்னதிலும் உண்மை உண்டு. பசியை அறியாதவர் பசித்தவனின் தொழிலைப் பழிப்பது எளிது. கழிவறை வாயிலில் துவாலையோடு நின்ற பெண்ணுக்கு, நடிப்பே விடுதலை.

இரண்டு உண்மைகளும் மோதிக்கொண்டன. ஒடுக்கப்பட்டோர் இருவர் ஒருவரையொருவர் குறை கூறினர். வேடங்களை எழுதியவனோ, விதிகளை வகுத்தவனோ, காட்சிகளை வெட்டியவனோ அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டிலே ஏறவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்து வேடிக்கை பார்த்தான். ஆதிக்கத்தின் சூழ்ச்சிகளிலே தலையாயது இதுவே: வாயில்களை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரு சந்திலே நுழைந்தவனை, அடைபட்டவனே ஏசும்படி செய்வது!

வாய்ப்புக் கிடைத்தபோது அந்த நடிகை என்ன செய்ய வல்லவர் என்பதற்கு, 1942-இல் வந்த 'இன் திஸ் அவர் லைஃப்' சான்று. அதிலும் அவர் பணிப்பெண்தான். ஆனால் அவளுடைய மகன் சட்டம் பயிலும் இளைஞன். வெள்ளைக்காரி ஒருத்தி காரை ஏற்றிக் கொன்ற பழி அவன் தலையில் விழுகிறது. கறுப்பனின் சொல்லை யார் நம்புவார் என்று தாய் தளர்ந்து பேசுகிறாள். உண்மையை அப்படியே காட்டிய அந்தப் படத்தை, போர்க்காலத் தணிக்கை அலுவலகம் வெளிநாடுகளுக்கு அனுப்ப இசையவில்லை. அடிமை வாழ்வைப் புகழ்ந்த படம் உலகெங்கும் உலவியது. அநீதியைச் சொன்ன படம் எல்லையிலே மறிக்கப்பட்டது!

* * *

ஹாட்டி அம்மையார் அடங்கிக் கிடந்தவர் என்று எண்ணுவோர், அவருடைய வீட்டின் கதையை அறிய வேண்டும். 1940-களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சல்ஸின் மேற்கு ஆடம்ஸ் பகுதியிலே ஒரு பெரிய வீடு வாங்கிக் குடியேறினார். லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் முதலான கறுப்புக் கலைஞரும் வணிகரும் அங்கே குடிவந்தனர். 'சுகர் ஹில்' என்று அப்பகுதிக்குப் பெயரே வழங்கலாயிற்று. பொறுக்குமா வெள்ளை அண்டை வீட்டாருக்கு? அந்த மனைகளை வெள்ளையரல்லாதாருக்கு விற்பதில்லை, குடியிருக்க விடுவதில்லை என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறது, இவர்களை வெளியேற்றுங்கள் என்று வழக்குத் தொடுத்தனர். வேலைக்காரியாய் வந்தால் அதே தெருவில் தங்கலாம். வீட்டுக்காரியாய் வந்தால் தங்கக் கூடாது!

அம்மையார் அஞ்சவில்லை. அண்டை அயலாரைத் திரட்டினார். தம் வீட்டிலேயே கூட்டங்கள் நடத்தினார். லோரன் மில்லர் என்னும் கறுப்பு வழக்கறிஞர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்டு கிளார்க் வழக்கைத் தள்ளினார். 14-ஆவது திருத்தம் தரும் உரிமைகளை நீதிபதிகள் நெடுநாளாய்த் தட்டிக் கழித்து வந்துள்ளனர், இனி அது ஆகாது என்ற கருத்துப்பட அவர் தீர்ப்புரைத்தார். 1948-இல், இத்தகைய நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றக் கூடாதென உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமாய்க் கூறியது. அந்த வழக்குகளை வாதாடியவர்களிலே லோரன் மில்லரும் ஒருவர். திரையிலே எஜமானர் வீட்டைக் காத்த மாமி, நாட்டிலே தன் இனத்தார் வீட்டைக் காத்தாள். 1960-களில் அதே சுகர் ஹில்லின் ஊடாக ஒரு நெடுஞ்சாலையைக் கிழித்துப் போட்டார்கள் என்பது பின்கதை. சட்டத்தால் விரட்ட முடியாதவரைத் திட்டத்தால் விரட்டினர்.

1947-இல் 'பியூலா' என்னும் வானொலித் தொடரில் நடிக்கத் தொடங்கினார். வானொலித் தொடரொன்றைத் தலைமையேற்று நடத்திய முதல் கறுப்புப் பெண் இவரே. அதற்கு முன் பியூலா என்னும் கறுப்புப் பணிப்பெண்ணின் குரலாய்ப் பேசியவர் யார்? ஒரு வெள்ளை ஆண்! அவருக்குப் பின்? இன்னொரு வெள்ளை ஆண்! கறுப்புப் பெண்ணின் குரலைக் கறுப்புப் பெண்ணுக்கே கொடுப்பதற்கு அவ்வளவு தயக்கம். கொச்சைத் திரிபு மொழியில் பேசமாட்டேன் என்பதை அம்மையார் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்கினார்.

* * *

1952 அக்டோபர் 26-ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் அவர் மறைந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில், தம்மையொத்த திரைக்கலைஞர் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்பது அவரது விருப்பம். அங்கே கறுப்பருக்கு இடமில்லை என்றார்கள். மண்ணுக்குள்ளும் நிறம் பார்த்தார்கள்! மண் தின்னும் புழுவுக்கு நிறம் தெரியாது. மண்ணை ஆண்ட மனிதனுக்குத் தெரிந்தது. அனைத்து இனத்தாரையும் ஏற்ற ரோஸ்டேல் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். 1999-இல், பழைய தோட்டத்தின் புதிய உரிமையாளர் அவருக்கு அங்கே ஒரு நினைவுக்கல் எழுப்பினார். நாற்பத்தேழு ஆண்டு காலந்தாழ்ந்த மரியாதை!

அவர் பெற்ற பரிசு? அந்நாளில் துணை நடிகருக்குச் சிலை தருவதில்லை, பட்டயமே தருவர். அதனைக் கறுப்பர் கல்விக்கென நிறுவப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதி வைத்தார். பின்னர் அது காணாமற்போயிற்று. 2023 அக்டோபர் 1-ஆம் நாள், ஆஸ்கார் கழகம் புதிய பட்டயமொன்றைச் செய்து பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. அவருக்குப் பின் நடிப்புக்காக ஆஸ்கார் பெற்ற அடுத்த கறுப்புப் பெண் ஊப்பி கோல்ட்பர்க். ஆண்டு 1991. இடையே ஓடியவை ஐம்பத்தோராண்டுகள். அரை நூற்றாண்டு காலம் அந்தப் பரிசுக்குரிய கறுப்புப் பெண் எவரும் பிறக்கவில்லையா? பிறந்தார்கள்; அவர்களுக்கான வேடம் பிறக்கவில்லை.

இளைஞர்களே, இந்த வரலாறு நமக்கு உரைப்பது என்ன? ஆதிக்கக்காரன் ஒருவரைப் பாராட்டுவான்; பாராட்டப்பட்டவரின் இனத்துக்கு இடம் கொடுக்கமாட்டான். ஒருவரை மேடையில் ஏற்றிக் காட்டி, 'பார், நான் பாகுபாடு காட்டாதவன்' என்பான். அவர் இறங்கிய பின் எங்கே உட்காருகிறார் என்பதை நாம் கவனிக்கக் கூடாதென விரும்புவான். ஆகவே கவனியுங்கள்! எந்த நாட்டிலாயினும், எந்த மன்றத்திலாயினும், யாருக்கேனும் மாலை விழும்போது, மாலையை மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கு எந்தப் பந்தியில் இலை போட்டார்கள், எந்தத் தெருவில் வீடு கொடுத்தார்கள், எந்த மண்ணில் குழி வெட்டினார்கள் என்று கேளுங்கள். பட்டயம் சமத்துவத்தின் சான்றாகாது. சமத்துவம் பந்தியிலே தெரியும், தெருவிலே தெரியும், இடுகாட்டிலே தெரியும். அந்த மூன்றிலும் தோற்கடிக்கப் பார்த்த சமுதாயத்தோடு மல்லுக்கு நின்று, தெருவிலே வென்று காட்டியவர் ஹாட்டி மெக்டேனியல். எஞ்சிய இரண்டையும் அவருக்குப் பின் வந்தவர்கள் போராடியே வென்றனர். யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை.